பழவேற்காடு போன ஞாயிறும் என் வலது காலும்

அன்பு மகள் புவனாவுக்கு,

பதினைந்து நாள் ஆகிவிட்டது, அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. பல் விளக்கும்போது நினைப்பு வந்து சிரித்துவிடுகிறேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னா, தனியா சிரிச்சிகினு கீற?" என்கிறாள். "என் பொண்ணு கண்டெய்னர் லாரிய ஓவர்டேக் எடுத்தா பாரு..." என்று நான் ஆரம்பித்தால், "தெரியும், நெமிலிச்சேரில ஏறி மீஞ்சூர்ல எறங்குனீங்க, தெரியும்" என்று அவளே முடித்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். ஆம்பூரில் இனி கேட்பதற்கு ஆள் இல்லை. போனில் உன்னிடமே சொல்லலாம் என்றால், நீ "சாப்டியா நைனா" என்பாய், நான் "சாப்டேம்மா" என்பேன், அதோடு பேச்சு முடிந்துவிடும். நமக்குள் போன் பேச்சு எப்போதும் அப்படித்தானே. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முப்பத்து நாலு வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை, முதலில் லாரி, கடைசியில் ஸ்கூல் வேன். பேனா பிடித்தால் எழுத்து கொஞ்சம் ரோடு மாறி ஓடும். பொறுத்துக்கொள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆவடியில் இறங்கி சேக்காட்டில் உன் வீட்டுக்கு ஆட்டோவில் வந்தேன் அல்லவா, அப்போது வாசலில் நின்ற வெள்ளைக் காரை நான் பார்த்தேன். கீழ்வீட்டுக்காரர் வண்டி என்று நினைத்து அதன் மேலேயே என் பையை வைத்துவிட்டு உன்னைக் கூப்பிட்டேன். நீ ஒன்றும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாய். என்ன அழுத்தக்காரி நீ! மறுநாள் காலை ஆறு மணிக்கு எழுப்பி, "நைனா, சட்டை போடு. கடலுக்குப் போறோம்" என்றாய். நான் மெரினாவுக்கு ரயிலில் கூட்டிப்போகிறாய் என்று நினைத்தேன். கீழே வந்து நீ சாவியை அழுத்தியதும் அந்த வெள்ளைக் கார் கண்ணைச் சிமிட்டியது. "யார் வண்டி இது?" என்று கேட்டேன். "நம்ப வண்டி" என்றாய். பழைய வண்டிதான், இரண்டு கை மாறி வந்ததுதான். நான் அதை இரண்டு சுற்று சுற்றினேன். டயரை அழுத்திப் பார்த்தேன், குனிந்து அடியில் எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்த்தேன், பானெட்டைத் திறக்கச் சொல்லி உள்ளே மூக்கை விட்டேன். குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன் என்பதுதான் உண்மை. ஒன்றும் கிடைக்கவில்லை. அப்புறம் பழக்க தோஷத்தில் நேராக வலது பக்கக் கதவுக்குப் போனேன். அங்கே நீ நின்றுகொண்டிருந்தாய். "அந்தாண்ட, நைனா" என்று கையைக் காட்டினாய். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "வரும்போது நீ ஓட்டு. ஆசையா உனக்குன்னே வச்சிகினு கீறேன். போறப்போ மட்டும் நான்" என்றாய்.

அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமும் பயமும் ஒன்றாக வந்தன. சந்தோஷம் உனக்குத் தெரிந்தது. பயம் ஏன் என்பது மதியம்தான் உனக்குத் தெரியவந்தது. அதுவரை போகிற வழி முழுக்க, திரும்பி வரும்போது வண்டி ஓட்டாமல் தப்பிக்க என்ன சாக்கு சொல்லலாம் என்று ஒரு பக்கம் யோசித்துக்கொண்டேதான் வந்தேன். வயிற்று வலி என்று சொல்லலாமா, கண் கூசுகிறது என்று சொல்லலாமா என்று.

இடது பக்க சீட்டில் உட்கார்ந்து பட்டாபிராமைத் தாண்டுவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. என் வண்டியில் கிளீனர் உட்கார்கிற இடம் அது. ரோடே வேறு மாதிரி தெரிகிறது. ஓரத்தில் போகிற சைக்கிள் எல்லாம் நம் மடியில் வந்து விழுகிற மாதிரி இருக்கிறது. "செகண்ட் போடு, செகண்ட் போடு" என்றேன். நீ ஏற்கெனவே போட்டிருந்தாய். "ஆர்ன் அடி" என்றேன். "இன்னாத்துக்கு? அந்த அம்மா நம்பளப் பாத்துட்டாங்க" என்றாய். அந்த அம்மா பார்த்துவிட்டுத்தான் ஒதுங்கியிருந்தாள். அதற்கு மேல் நான் வாயைத் திறந்தபோது, "நைனா, நீ கம்முனு கடலப் பத்தி நெனச்சிகினு வா" என்று சொல்லிவிட்டு நீ பாட்டுக்கு ஓட்டினாய். நெமிலிச்சேரியில் அவுட்டர் ரிங் ரோடு ஏறியதும் வண்டி நூல் பிடித்த மாதிரி போக ஆரம்பித்தது. நான் ஜன்னலை இறக்கிவிட்டு முகத்தை வெளியே நீட்டிக்கொண்டேன். அறுபத்தொரு வயசு ஆளுக்கு அது அழகா என்று யாராவது கேட்டிருந்தால், அழகுதான் என்று சொல்லியிருப்பேன்.

எப்போது கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். ஆவடியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில், காலை ஆறு மணி வகுப்பில், அம்பத்தூர் கம்பெனிக்குப் போவதற்கு முன்னால் என்றாய். "ஆனா கிளட்ச்சு எனக்கு முன்னாடியே தெரியும். கரையான்சாவடில பின்னாடி சீட்ல உக்காந்துகினு பாத்து பாத்தே கத்துகினேன்" என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். நானும் சிரித்தேன். ஆனால் புவனா, நீ சொல்லாமல் விட்டது எனக்கு நினைவு வந்தது. ஆம்பூருக்கு வருவதற்கு முன்னால் நாம் இருந்த கரையான்சாவடி வீட்டுக்குப் பின்னால் காலி மைதானம் இருந்தது. என் முதலாளி ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய பழைய அம்பாசடரை என்னிடம் விட்டு வைப்பார். உன் அண்ணன் குமரனுக்கு அதில்தான் நான் சொல்லிக்கொடுத்தேன். நீயும் வருவாய், பின்னால் உட்கார்ந்துகொள்வாய். உனக்கு அப்போது பத்தொன்பது. ஒரு ஞாயிறு, குமரன் இறங்கியதும் நீ முன்னால் வந்து, "நைனா, நான் ஒரு ரவுண்டு" என்றாய். நான் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, "உனக்கு எதுக்கு? கட்டிக்கப் போறவன் ஓட்டுவான்" என்றேன். மைதானத்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். நீ திரும்பி வீட்டுக்கு நடந்துவிட்டாய். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து நீ மைதானத்துக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் கேட்கவும் இல்லை. குமரனுக்கு ஆறு மாதம் சொல்லிக்கொடுத்தேன், அவன் முதல் முறை தனியாக எடுத்துப் போய் ஸ்கூல் காம்பவுண்டுச் சுவரில் இடித்துவிட்டு வந்தான். இன்றுவரை ரிவர்ஸ் எடுக்க என்னைத்தான் கூப்பிடுகிறான். யாருக்குக் கை வரும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பின் சீட்டிலிருந்து நீ அவனுக்கு முன்பே "கிளட்ச்ச மிதி" என்று முணுமுணுத்ததை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். பார்த்தும் சொல்லிக்கொடுக்காமல் விட்டேன். அது தெரியாமல் செய்த தப்பு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு வழியில்லை.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு வரும்போதுதான் அந்தக் கண்டெய்னர் லாரி. துறைமுகத்துக்குப் போகிற லோடு, முன்னால் நடு ரோட்டில் ஆடிக்கொண்டே போனது. நான் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நீ அவசரப்படவில்லை. லாரிக்காரன் கண்ணாடியில் உன் வண்டி தெரிகிற தூரத்தில் பின்னாலேயே வந்து, இண்டிகேட்டர் போட்டு, ஒரு தடவை லைட் அடித்து, அவன் ஒதுங்கினானா என்று உறுதி பண்ணிக்கொண்டு, அப்புறம் கியரை ஒன்று குறைத்து ஒரே இழுப்பில் தாண்டினாய். தாண்டிய பிறகும் லாரி முழுசாக உன் கண்ணாடியில் தெரிகிறவரை இடது பக்கம் வரவில்லை. லைசென்ஸ் வாங்கிப் பத்து வருஷம் ஆனவர்களுக்கே இந்தப் பொறுமை வராது. நான் என்னை மறந்து "அப்படிப் போடு!" என்று தொடையைத் தட்டினேன். நீ திரும்பிப் பார்க்காமல், "நல்லா ஓட்டுறேனா?" என்று கேட்டாய். பன்னிரண்டு வருஷம் கழித்துக் கேட்கிறாய். "என்னவிட நல்லா ஓட்டுற" என்றேன். நீ நம்பவில்லை. நம்பு. அன்றைய தேதிக்கு அது முழு உண்மை.

மீஞ்சூர், பொன்னேரி தாண்டி, இரண்டு பக்கமும் தண்ணீர் தெரிய ஆரம்பித்ததும் நீ வேகத்தைக் குறைத்தாய். பழவேற்காட்டுக் கடைத்தெருவில் மீன் கூடைகளுக்கு நடுவே நீ வண்டியை எறும்பு மாதிரி ஊர்ந்து ஓட்டி, பாலம் ஏறி, ஏரியைத் தாண்டி அந்தப் பக்கம் போனோம். சவுக்கு மரங்களுக்குக் கொஞ்சம் முன்பே கெட்டித் தரையில் நிறுத்திவிட்டாய். "இன்னும் கொஞ்சம் போலாமே" என்றேன். "மணல்ல டயர் மாட்டிகினா நீதான் தள்ளணும்" என்றாய். சரியான கணக்கு. இறங்கி நடந்தோம். மணல் மேடு ஏறியதும் கடல் முழுசாக விரிந்தது. மெரினா மாதிரி கூட்டம் இல்லை, சுண்டல் இல்லை, குதிரை இல்லை. கரையில் நாலைந்து ஃபைபர் படகு, வலை பிரித்துக்கொண்டிருந்த சில பேர், அவ்வளவுதான். நீ சுடிதாரை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு, "நைனா, வா!" என்று கத்திக்கொண்டே ஓடினாய். நானும் ஓடினேன். எத்தனையோ துறைமுகத்துக்கு லோடு அடித்திருக்கிறேன், எண்ணூர், தூத்துக்குடி, மங்களூர். லோடு இறக்கி, பில் வாங்கி, திரும்பிவிடுவேன். கடலில் கால் வைத்ததில்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். அன்றைக்குத்தான் வைத்தேன். அலை வந்து இடுப்பில் அடித்து என்னை உட்கார வைத்துவிட்டது. நீ கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாய். என் சட்டைப் பையில் இருந்த பீடிக்கட்டு கரைந்து போனது. "நல்லதாப் போச்சு" என்றாய்.

கரைக்கு வந்து உட்கார்ந்தபோது நீ என் காலைப் பார்த்து, "ஒரு செருப்பு எங்க?" என்று கேட்டாய். இடது செருப்பு காலில் இருந்தது, வலது செருப்பு இல்லை. அலை கொண்டு போயிருக்கும் என்றேன். நீ எழுந்து போய்ப் பார்த்து, மணல் மேட்டுக்கு அந்தப் பக்கம், கார் பக்கத்திலேயே கிடந்ததை எடுத்து வந்தாய். "அங்கயே கழண்டு கீது. ஒத்தச் செருப்போட நடந்து வந்துகீற. தெரியலயா உனக்கு?" என்றாய். "கடலைப் பாத்த குஷிதான்" என்று சமாளித்தேன். நீ என்னையே பார்த்தாய். அந்த நேரம் பார்த்து, தலையில் நண்டுக் கூடையோடு போன ஒரு அம்மா நின்று, "யோவ் பெர்சு, காலப் பாருய்யா, ரத்தம் ஊத்துது" என்று சொன்னார். குனிந்து பார்த்தால் நான் உட்கார்ந்திருந்த இடத்தில் மணல் சிவந்திருந்தது. வலது உள்ளங்காலில் உடைந்த கிளிஞ்சல் ஒன்று பாதி உள்ளே போயிருந்தது.

நீ என்னைப் படகு ஓரத்தில் சாய்த்து உட்கார வைத்து அதை இழுத்து எடுத்தாய். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். "வலிக்கலயா?" என்றாய். "சின்ன காயம்தானே" என்றேன். நீ துப்பட்டாவால் காலை அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்திவிட்டு, "நைனா, கண்ண மூடு" என்றாய். மூடினேன். "இப்போ எந்த வெரலத் தொட்டுகினு கீறேன், சொல்லு." எனக்கு ஒன்றும் தெரியவில்லை. குத்துமதிப்பாக, "கட்ட வெரல்" என்றேன். "இப்போ?" என்றாய். "சுண்டு வெரல்." சரியா என்று பார்க்கக் கண்ணைத் திறந்தேன். உன் இரண்டு கையும் உன் மடியில் இருந்தது. "நான் தொடவே இல்ல நைனா" என்றாய்.

அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த வெட்கம் இந்த வயசு வரை வந்ததில்லை. "எத்தன நாளா?" என்று நீ கேட்டாய். ஒன்றரை வருஷமாக என்று சொன்னேன். முதலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது, அப்புறம் பஞ்சு மேல் நடக்கிற மாதிரி, அப்புறம் ஒன்றுமே இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், தானாகச் சரியாகும் என்று இருந்துவிட்டேன். அம்மாவுக்குத் தெரியுமா என்றாய். தெரியாது என்றேன். நீ கடைசியாகத்தான் அதைக் கேட்டாய். குரலை இறக்கிக் கேட்டாய். "அப்போ ஸ்கூல் வேன எப்டி ஓட்டுற?"

அன்றைக்குப் பாதிதான் சொன்னேன், இப்போது முழுசாகச் சொல்கிறேன். தினமும் பதினாறு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நான் அந்த வேனை எப்படி ஓட்டினேன் தெரியுமா? இன்ஜின் சத்தத்தைக் காதில் வைத்து, ஆக்ஸிலேட்டர் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்வேன். பிரேக்குக்குக் கால் மாற்றும்போது ஒரு நொடி குனிந்து பார்த்துக்கொள்வேன். அனுபவம் இருக்கிறது, சமாளிக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆடி மாதத்தில் ஒரு நாள், மசூதித் தெரு வளைவில், பால்காரர் சைக்கிளோடு குறுக்கே வந்தார். பிரேக்கை மிதித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கால் பிரேக்குக்குப் பக்கத்தில் வெறும் தரையில் இருந்திருக்கிறது. குனிந்து பார்த்து மாற்றி மிதிப்பதற்குள் சைக்கிளுக்கும் வேனுக்கும் ஒரு சாண்தான் பாக்கி. பிள்ளைகள் எல்லாம் முன்னால் வந்து விழுந்தார்கள். யு.கே.ஜி. படிக்கிற யாழினிக்கு உதடு கிழிந்தது. பால்காரரைச் சொன்னால் அவரிடம் விசாரிப்பார்கள் என்று பயந்து, "நாய் குறுக்க வந்துடுச்சு" என்று பிள்ளைகளிடம் சொன்னேன். அவள் அம்மாவிடமும் அதையே சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள். அந்தக் குழந்தை மட்டும் வீங்கிய உதட்டோடு தினமும் என்னைக் கேட்டது, "தாத்தா, அந்த நாய்க்கு அடிபட்டுச்சா?" என்று. அந்த வளைவு வரும்போதெல்லாம் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு நாயைத் தேடியது. நான் நேராகப் பார்த்து ஓட்டினேன்.

அன்றைக்கு நான் சொன்ன பாதியைக் கேட்டுவிட்டு நீ எழுந்து தண்ணீர் வரை நடந்து போனாய். நீ திட்டுவாய், அழுவாய், அண்ணனுக்குப் போன் போடுவாய் என்று காத்திருந்தேன். திரும்பி வந்து, "என்கிட்ட பொய் சொன்னா பரவால்ல நைனா. அந்தப் பதினாறு ஊட்லயும் உன்ன நம்பிதான கைய ஆட்டி அனுப்பிகினு கீறாங்க" என்றாய். நான் தலையைத் தொங்கப் போட்டேன். "நாளைக்கு நீ வண்டி எடுக்கக் கூடாது" என்றாய். "எடுக்கமாட்டேன், நேர்ல போய்ச் சொல்லிடறேன்" என்றேன். "சத்தியமா?" "சத்தியமா." அதற்கு மேல் நீ அதைப் பேசவே இல்லை. அதுதான் என்னால் மறக்க முடியவில்லை. என் தோளைப் பிடித்து நடக்க வைத்து, கடைத்தெரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காயத்தைக் கழுவி, ஊசி போட்டு, கட்டுக் கட்டவைத்தாய். வெளியே வந்ததும், "எனக்குப் பசி உயிர் போவுது" என்றாய். அந்தத் தகரக் கூரைக் கடையில் நாம் சாப்பிட்ட மீன் வறுவல்! நண்டுக் குழம்பு! நீ இரண்டாவது தட்டுச் சோறு வாங்கினாய். நான் முள்ளை எடுத்துக் கொடுத்தால், "நான் இன்னா சின்னப் புள்ளையா" என்று சொல்லிக்கொண்டே வாங்கித் தின்றாய். மறைக்க ஒன்றும் இல்லாமல் சாப்பிட்ட அந்தச் சாப்பாட்டின் ருசியை என்னால் எழுதிக் காட்ட முடியாது. ஒன்றரை வருஷமாக எனக்கு எந்தச் சாப்பாடும் அப்படி இறங்கியதில்லை. திரும்பும்போது நீ ஒன்றும் கேட்காமல் இடது கதவைத் திறந்துவிட்டாய். நானும் ஒன்றும் சொல்லாமல் ஏறினேன். பொன்னேரி வருவதற்குள் தூங்கிவிட்டேன். அடுத்தவர் ஓட்டும் வண்டியில் நான் தூங்கியது அதுதான் முதல் தடவை.

ஞாயிறு ராத்திரியே ரயில் ஏறி, திங்கள் விடியற்காலை ஆம்பூரில் இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வேன் ஓனர் வீட்டுக்குப் போனேன். உன்னிடம் போனில் "சொல்லிட்டேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்தேன். நடந்தது அவ்வளவு சுலபமாக இல்லை. அவர் காலைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார், "காயம் ஆற ரெண்டு நாள் ரெஸ்ட் எடு" என்றார். காயம் இல்லை, கால் என்று விளக்கினேன். "பரீட்சை முடியற வரைக்கும் ஓட்டிடுப்பா. இந்த நேரத்துல நான் எந்த டிரைவரத் தேடுவேன்? நீ மெதுவாத்தானே ஓட்டுற" என்றார். எனக்குக் கொஞ்சம் சபலம் தட்டியது, மறைக்கமாட்டேன். சாவி என் கையிலேயே இருந்தது. வீட்டில் நான் சும்மா உட்கார்ந்திருக்கிற காட்சியும் கண் முன்னால் வந்தது. அப்போது அவருடைய பேத்தி ஸ்கூல் பையோடு வெளியே வந்து, "வேன் வந்துடுச்சா?" என்று கேட்டாள். அவளும் என் வண்டியில் வருகிறவள்தான். நான் அவரிடம் மசூதித் தெரு வளைவில் நடந்ததைச் சொன்னேன், நாயே வரவில்லை என்பதையும் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. சாவியை வாங்கிக்கொண்டு, பேத்தியைக் கையோடு உள்ளே கூட்டிப்போனார். அன்றைக்கு அவரே வேனை ஓட்டினார். பிள்ளைகளின் வீடு காட்ட நான் இடது பக்கம் உட்கார்ந்து போனேன்.

ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இறங்கிச் சொன்னேன். எனக்குக் காலில் உணர்ச்சி போய்விட்டது, இவ்வளவு நாள் மறைத்து ஓட்டினேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று. சிலர் பரவாயில்லை என்றார்கள். ஒரு அப்பா தெருவில் நிற்க வைத்துக் கேட்கக் கூடாததெல்லாம் கேட்டார். கேட்டுக்கொண்டேன், அவர் கேட்டதில் தப்பு இல்லை. யாழினியின் அம்மா குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் குழந்தையிடம், "பாப்பா, அன்னிக்கு நாய் வரலம்மா. தாத்தாதான் பிரேக் சரியா போடல. தாத்தா பொய் சொல்லிட்டேன்" என்றேன். அவள் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். "அப்போ நாய் சாகலயா?" என்றாள். "நாயே இல்லம்மா." அவள் துள்ளிக் குதித்து, "அம்மா, நாய் சாகல!" என்று கத்தினாள். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வேன் ஓனர் ஆர்ன் அடித்துக் கூப்பிட்டார்.

உன் அம்மாவிடம் சொல்லத்தான் அதிக தைரியம் தேவைப்பட்டது. ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் அவளே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு மெல்லிய இழையை வைத்துக் காலில் பத்து இடத்தில் குத்திப் பார்த்தார். வலது காலில் மூன்று இடம்தான் எனக்குத் தெரிந்தது, இடது காலில் ஏழு. போன உணர்ச்சி அப்படியே திரும்பும் என்று சொல்ல முடியாது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் இருப்பதைக் காப்பாற்றலாம், தினமும் பாதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். இப்போது ராத்திரி சாப்பாடு முடிந்ததும் உன் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள், ஆர்.டி.ஓ. மாதிரி. பீடியையும் நிறுத்திவிட்டேன். உனக்கு நான் புத்தி சொல்ல வந்தால் இந்த ஒன்றைத்தான் சொல்வேன் புவனா: உடம்பில் ஏதாவது ஒன்று போகிறது என்று தெரிந்தால், அன்றைக்கே வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடு. நான் வேலை போய்விடும் என்று பயந்ததாக நினைத்தேன். யோசித்துப் பார்த்தால், டிரைவர் இல்லை என்றால் நான் யார் என்ற பயம்தான் அது. நீயும் என் ரத்தம், பிடிவாதக்காரி. கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றுகொண்டு வேலை என்கிறாய், முதுகு வலி என்று ஒரு தடவை வாய் தவறிச் சொன்னாய். டாக்டரைப் பார்த்தாயா? அடுத்த போனில் "சாப்டேன்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது, இதைக் கேட்பேன்.

இன்னொரு விஷயத்துக்கு உன்னிடம் அனுமதி வேண்டும். இந்தக் கடிதத்தை நான் எங்கள் வண்டி ஸ்டாண்டில் இருக்கிறவர்களும் படிக்கும்படி குமரனை விட்டு, இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் விட்டுவிட்டு, அவர்கள் வாட்சப் குரூப்பில் போடச் சொல்லப்போகிறேன். காரணம் ஏழுமலை. தோல் ஷெட்டுகளுக்கு லோடு அடிக்கிற மினி லாரி டிரைவர், நாற்பத்தைந்து வயசு, உனக்குத் தெரியாது. போன வாரம் ஸ்டாண்டில் நான் என் கதையைச் சொன்னபோது எல்லாரும் கிண்டல் பண்ணினார்கள், "கால் போனா இன்னா, கை கீதுல்ல" என்று. ஏழுமலையும் சேர்ந்துதான் சிரித்தான். நேற்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, உன் அம்மா காபி போட உள்ளே போகிறவரை சும்மா உட்கார்ந்திருந்தான். அவள் போனதும், "அண்ணாத்தே, எனக்கும் ஆறு மாசமா அப்படித்தான் கீது. ரெண்டு காலும். ஊட்ல சொல்லல" என்றான். நான் அவன் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பார்த்தேன். குதிகாலில் பழைய புண், அவனுக்கே தெரியவில்லை. "காலைல ஆஸ்பத்திரிக்கு நான் கூட வரேன்" என்றேன். தலையை ஆட்டினான். ஆனால் இன்றைக்கு அவனுக்குச் சென்னை லோடு இருக்கிறது, எனக்குத் தெரியும். வருவானா, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவானா என்று விடியற்காலையிலிருந்து தூக்கம் இல்லாமல் உட்கார்ந்துதான் இதை எழுதி முடிக்கிறேன்.

மணி ஆறாகப் போகிறது. ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்க இப்போதே கிளம்ப வேண்டும். ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், தெருமுனையில் ஏழுமலை வருகிறான். லாரி சத்தம் கேட்கவில்லை. நடந்து வருகிறான்.

உன்
நைனா